பேட்மேன் கூட்டுச் சாகசங்கள்: 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' தொகுதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டி.சி., 'ஷோகேஸ் பிரசன்ட்ஸ்' என்ற மறுபதிப்பு வரிசையில் 2007 முதல் வெளியிட்ட மூன்று குண்டு புத்தகங்களைப் பற்றியது இப்பக்கம். ஒவ்வொன்றும் கறுப்பு-வெள்ளையில் 500 பக்கங்களைத் தாண்டும். இவற்றைப் படித்தவர்களில் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் நூறு பக்கங்களுக்குள் மூடிவைத்துவிடுகிறார்கள். இரு தரப்பினரும் படித்தது ஒரே புத்தகம்தானா என்ற ஐயம் கேட்பவருக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்தைத் தீர்க்க முயல்கின்றன பின்வரும் பதில்கள்.

இவை எந்தக் கதைகளின் தொகுப்பு?

'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' இதழில் பேட்மேன் இன்னொரு நாயகருடன் சேர்ந்து துப்புத் துலக்கும் கதைகள் இவை. முதல் தொகுதியில் 59, 64, 67 முதல் 71 வரை, 74 முதல் 87 வரையிலான இதழ்களின் கதைகள் உள்ளன. பேட்மேன் இடம்பெறாத இதழ்கள் விடப்பட்டுள்ளன. இரண்டாம் தொகுதி 88 முதல் 108 வரையும், மூன்றாம் தொகுதி 109 முதல் 134 வரையும் செல்கின்றன. ஆண்டுக் கணக்கில் சொன்னால், 1965-ல் தொடங்கி 1977 வரை. இதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அமெரிக்கக் காமிக்ஸின் ரசனை தலைகீழாக மாறிய பன்னிரண்டு ஆண்டுகள் அவை. ஒரே இதழின் கதைகள் என்பதால் ஒரே சுவையை எதிர்பார்த்து வருபவர் முதல் ஏமாற்றத்தை இங்குதான் சந்திக்கிறார்.

இந்த இதழ் பேட்மேனின் இதழாக எப்படி மாறியது?

1955-ல் தொடங்கப்பட்டபோது இதில் சூப்பர் ஹீரோக்களே இல்லை. ரோமானிய வாள்வீரனும் வைக்கிங் இளவரசனும் கவசமணிந்த வீரனும் உலவிய வரலாற்றுச் சாகச இதழ் அது. பிறகு புதிய கருத்துகளைச் சோதித்துப் பார்க்கும் களமாயிற்று. 1960-ல் ஜஸ்டிஸ் லீக் என்ற நாயகர் குழு முதன்முதலில் தோன்றியது இதன் 28-வது இதழில்தான். 1963-ல் வந்த 50-வது இதழில் கிரீன் ஆரோவையும் மார்ஷியன் மேன்ஹன்டரையும் இணைத்து ஒரு கதை வெளியானது, கூட்டணிக் கதை என்ற முறை அங்கிருந்து தொடங்குகிறது. அப்போது நிரந்தர நாயகர் என்று எவரும் இல்லை. 1966 ஜனவரியில் ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகி அமெரிக்காவையே ஆட்டிப்படைத்தபின், பேட்மேன் பெயர் அட்டையில் இருந்தால் விற்கும் என்ற நிலை வந்தது. 1967-ன் 74-வது இதழிலிருந்து 1983-ல் இதழ் நின்றுபோகும் வரை ஒவ்வொரு கதையிலும் பேட்மேன் இருக்கிறார், உடன்வருபவர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

தரம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

எழுதியவரின் கவனக்குறைவு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோர் உண்டு. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்தக் கதைகளின் அமைப்பிலேயே ஏற்ற இறக்கம் பதிந்திருக்கிறது.

ஓர் இதழுக்குள் கதை தொடங்கி முடிந்தாக வேண்டும். அதற்குள் பேட்மேனுக்கு ஒரு வழக்கு வேண்டும், விருந்தினர் யார் என்பதை அவரை அறியாத வாசகருக்குச் சொல்ல வேண்டும், இருவரும் சந்திக்க ஒரு காரணம் வேண்டும், இருவருக்கும் சமமாக வேலை கொடுக்க வேண்டும், இறுதியில் ஒருவர் மற்றவரின் கையைக் குலுக்கிவிட்டுத் தம் வழியே போகவும் வேண்டும். கதை சொல்வதற்கு மிஞ்சும் பக்கங்கள் மிகக் குறைவு. இதில் ஒன்று பிசகினாலும், விருந்தினர் நம் சினிமாவில் கௌரவத் தோற்றத்தில் வந்துபோகும் நடிகரைப் போல ஆகிவிடுகிறார்: வருகிறார், முகத்தைக் காட்டுகிறார், போகிறார். அவரை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும்.

இரண்டாவது காரணம், விருந்தினரைத் தேர்ந்தெடுத்ததில் கதையின் தேவை மட்டும் செயல்படவில்லை என்பது. டி.சி.யின் மற்ற இதழ்களின் நாயகர்களைப் பேட்மேன் வாசகர்களிடம் அறிமுகப்படுத்தவும், சொந்த இதழை இழந்தவர்களின் பெயர் மறைந்துவிடாமல் காக்கவும் இந்த மேடை பயன்பட்டது. கதாசிரியர் பாப் ஹேனியின் மேசைக்கு முதலில் பெயர் வந்து, பிறகு அந்தப் பெயருக்கேற்ற கதை தேடப்பட்ட இதழ்களைப் படிக்கும்போதே உணர முடிகிறது.

மூன்றாவதாக, பேட்மேனின் இயல்பு. அவருக்கு அமானுஷ்ய ஆற்றல் எதுவும் இல்லை. அவருடைய உலகம் இருட்டுச் சந்து, கடத்தல், கொலை, துப்பு என்ற அளவில் நிற்பது. விண்மீன்களுக்கிடையே பறப்பவரையோ காலத்தையே நிறுத்துபவரையோ அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால், பேட்மேன் வேலையற்றவராகிவிடுவார் அல்லது வந்தவரின் ஆற்றலை ஏதாவது ஒரு சாக்கில் முடக்க வேண்டியிருக்கும். கிரீன் லேன்டர்னின் பச்சை மோதிரம் திடீரென்று செயலிழப்பதும், அசுர வேகம் எதிரியாவதும் அந்தச் சாக்குகள்தாம். நல்ல கதையில் அந்த முடக்கமே கதையாகிவிடுகிறது. 67-வது இதழில் ஃபிளாஷின் வேகமே அவர் உயிரை அரித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வோர் ஓட்டமும் அவரைச் சாவுக்கு அருகே தள்ளுகிறது, அவரை ஓடவைக்க வேண்டிய நிலையிலோ பேட்மேன் இருக்கிறார். அங்கே விருந்தினரின் ஆற்றல் பேட்மேனின் மனச்சாட்சிக்குச் சோதனையாகிறது. இத்தகைய பொருத்தம் எல்லா இதழிலும் அமையவில்லை.

முதல் தொகுதியின் தொடக்கக் கதைகள் தாங்க முடியவில்லை. தொடர்ந்து படிக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. 1966-67 ஆண்டுகளின் கதைகளில் தொலைக்காட்சித் தொடரின் துள்ளல் அப்படியே இறங்கியிருக்கிறது. 68-வது இதழில் பேட்மேன் பெருத்த உடலோடு 'பேட்-ஹல்க்' ஆக மாறி ஊரை நாசம் செய்ய, மெட்டமார்ஃபோ என்ற நாயகர் அவரைச் சமாளிக்கப் புறப்படுகிறார். குழந்தைத்தனமான குதூகலம் பிடித்தவர்கள் இதை விரும்பிப் படிப்பார்கள், மற்றவர்களுக்கு வசனங்கள் அலுப்பூட்டும். ஓவியர்களும் கதைக்குக் கதை மாறுகிறார்கள். வண்ணத்தை நம்பி வரையப்பட்ட அந்தப் பக்கங்கள் கறுப்பு-வெள்ளையில் வெறிச்சோடித் தெரிவது இன்னொரு குறை.

தயங்காமல் 79-வது இதழுக்குத் தாவிவிடுங்கள். தொகுப்பு என்றால் முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இவற்றுக்குப் பொருந்தாது, ஏனெனில் ஒரு கதை அடுத்த கதைக்கு எந்தக் கடனும் வைத்துச் செல்வதில்லை.

79-வது இதழில் அப்படி என்ன நடந்தது?

ஓவியர் நீல் ஆடம்ஸ் வந்தார். 1968-ல் வெளியான அந்தக் கதையில் விருந்தினர் டெட்மேன். சர்க்கஸில் ஊஞ்சலில் ஆடும் பாஸ்டன் பிராண்ட் என்ற கலைஞர், கையில் கொக்கி பொருத்திய ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டு, கொலையாளியைத் தேடி அலையும் ஆவியானவர். அவரால் உயிருள்ளவர்களின் உடலில் புகுந்து அவர்களை இயக்க முடியும், தம் உருவத்தை எவருக்கும் காட்ட முடியாது.

பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்ததால் பேட்மேனானவரும், தன் கொலைக்கே நியாயம் தேடுபவரும் சந்திக்கிறார்கள். இந்த இணையை அமைத்த உடனேயே பாதிக் கதை எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். மீதிப் பாதியை ஆடம்ஸ் வரைந்தார். ஹேனி பகலில் நடப்பதாக எழுதியிருந்த காட்சிகளை அவர் இரவுக்கு மாற்றினார். சொல்லும்போது மிகச் சிறிய மாற்றம், பக்கத்தில் பார்த்தால்தான் அதன் வீச்சு விளங்கும். தொலைக்காட்சித் தொடரில் பட்டப்பகலில் நடைபாதையில் நடந்துபோன மனிதர், இங்கே கூரை விளிம்பில் நிழலாகத் தொங்குகிறார். மேலங்கி முழங்காலுக்குக் கீழே நீண்டு சுருண்டு கிடக்கிறது, கண்கள் வெறும் வெள்ளைக் கீற்றுகள். பேட்மேனின் சொந்த இதழ்கள் இந்தத் தோற்றத்தை ஏற்பதற்கு முன்பே, கூட்டணிக் கதைகளில் அது அரங்கேறிவிட்டது.

79 முதல் 86 வரை தொடர்ந்து எட்டு இதழ்கள் ஆடம்ஸின் கைவண்ணம். எல்லாவற்றையும் எழுதியவர் அதே பாப் ஹேனி. ஓவியர் மாறியதும் அதே கதாசிரியரின் மிகையுணர்ச்சி எப்படிக் கனம் பெறுகிறது என்பதைக் காண விரும்புவோர் இந்த எட்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம். 83-ல் ப்ரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாத பேட்மேனின் பெயர்) இன்னோர் அனாதைச் சிறுவனைத் தன் வீட்டுக்கு அழைத்துவர, அவருடைய இளந்துணைவன் ராபினின் இடமே ஆட்டம் காண்கிறது. 85-ல் கிரீன் ஆரோ முதன்முறையாகத் தாடியுடனும் புதிய உடையுடனும் தோன்றுகிறார். சுடப்பட்ட செனட்டரின் இடத்தில் ப்ரூஸ் வெய்ன் நியமிக்கப்படுகிறார், குற்றத்தைச் சட்டம் இயற்றி எதிர்ப்பதா, முகமூடி அணிந்து எதிர்ப்பதா என்ற கேள்வி அவரை அலைக்கழிக்கிறது. பின்னாளில் கிரீன் ஆரோ பெற்ற அரசியல் முகத்தின் முதல் கோடு இங்கேதான் விழுந்தது.

ஜிம் அபாரோவை இவ்வளவு போற்றுவது ஏன்?

ஆடம்ஸ் மின்னலென்றால், அவர் போனபின் இந்த இதழைப் பத்தாண்டுகளுக்கு மேல் தாங்கியவர் அபாரோ. 1971-ல் 98-வது இதழில் ஃபேன்டம் ஸ்ட்ரேஞ்சர் என்ற மர்ம மனிதருடன் பேட்மேன் இணையும் கதையோடு வந்தார், 100-வது இதழிலிருந்து நிலைத்தார். மூன்றாம் தொகுதி ஏறக்குறைய முழுவதும் அவருடையது.

அமெரிக்கக் காமிக்ஸ் பெரும்பாலும் பலர் கை சேர்ந்து உருவாவது. ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை இடுவார், வசனங்களை வேறொருவர் எழுதுவார். அபாரோ மூன்றையும் தாமே செய்தார், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில். இதன் பலன் பக்கத்தில் தெரிகிறது. பேச்சுக் குமிழி எங்கே விழும் என்பது அவர் முதல் கோட்டை இழுக்கும்போதே முடிவாகிவிடுவதால், படத்தை எழுத்து ஒருபோதும் மறைப்பதில்லை. குண்டு வெடிக்கும் ஒலியும் கதவு உடையும் ஒலியும் படத்தின் ஒரு பாகமாகவே வளைந்து நெளிந்து கிடக்கின்றன.

அவர் வரைந்த பேட்மேனின் கைகளைச் சற்று நின்று பாருங்கள். பேசும்போது விரல்கள் விரிகின்றன, யோசிக்கும்போது ஒரு விரல் முகவாயைத் தொடுகிறது, அதட்டும்போது சுட்டுவிரல் கட்டத்தைக் கிழித்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. முகத்தில் பாதி எப்போதும் மறைந்திருக்கும் ஒருவரின் உணர்ச்சியை எங்கிருந்து காட்டுவது என்ற சிக்கலுக்கு அபாரோ கண்ட விடை அது. கதை சறுக்கும் இதழ்களிலும் இந்தக் கைகளுக்காகவே நான் பக்கத்தைப் புரட்டத் தயங்கியதுண்டு.

ஆடம்ஸ் பெயர் ஊரறிந்தது, அபாரோவின் பெயர் பேட்மேன் ரசிகர்களுக்கு வெளியே அவ்வளவாகப் போகவில்லை. 2012-ல் அவர் பெயரிலேயே வண்ணத் தொகுப்பு ஒன்றை டி.சி. வெளியிட்டது தாமதமான மரியாதை. அவர் 2005-லேயே காலமாகியிருந்தார்.

ஹேனியின் கதைகளில் தர்க்கமே இல்லை என்கிறார்களே?

குற்றச்சாட்டு உண்மை. அதன் முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை.

84-வது இதழில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944-ல், வளர்ந்த ஆளான ப்ரூஸ் வெய்ன், டி.சி.யின் போர்க்கதை நாயகரான சார்ஜன்ட் ராக்கைச் சந்திக்கிறார். கதை வெளியானது 1969-ல். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் ப்ரூஸ் வெய்னுக்கு ஒரு நரைமுடிகூட விழவில்லை. டி.சி.யின் கணக்குப்படி 'இரண்டாம் பூமி' என்ற வேறோர் உலகத்தில் வசிக்கும் குத்துச்சண்டை வீரர் வைல்ட்கேட், அடுத்த தெருவில் குடியிருப்பவரைப் போல இங்கே திரும்பத் திரும்ப வந்துபோகிறார். எப்படி வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. எந்தப் பாத்திரம் எந்த உலகம், எந்த ஆண்டில் யார் யாரை அறிவார் என்றெல்லாம் கணக்குவைத்துப் படிக்கும் ரசிகர்கள் அந்நாளிலேயே இதைக் கண்டு கொதித்தார்கள். ஹேனியின் கதைகளுக்கென்று 'பூமி-பி' என்று தனி உலகம் ஒன்றையே குறிப்பிட்டுச் சமாதானம் தேடிக்கொண்டதும் உண்டு.

ஹேனியும் எடிட்டர் மர்ரே போல்டினோஃபும் இதைப் பொருட்படுத்தவில்லை. அஞ்சல் வழிச் சந்தா இல்லாமல், கடைக் கம்பியில் தொங்கும் இதழை முதன்முறையாக எடுக்கும் சிறுவனுக்கு அன்றைய கதை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் பாணியின் அடிப்படை. அந்தச் சுதந்திரம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 1974-ன் 115-வது இதழை விடச் சிறந்த சான்று இல்லை. கடத்தப்பட்ட பெண் ஒருத்தியைத் தேடும் வழக்கில் பேட்மேனின் மூளை செயலிழந்துவிடுகிறது, உடல் மட்டும் உயிரோடு கிடக்கிறது. அணுவளவுக்குச் சுருங்கக்கூடிய 'ஆட்டம்' என்ற நாயகர் வரவழைக்கப்படுகிறார். அவர் பேட்மேனின் மூளைக்குள் நுழைந்து, மடிப்புகளின் மேல் நடந்தும் மிதித்தும் அந்த உடலை எழுப்பி நடத்திச் சென்று வழக்கை முடிக்கப் பார்க்கிறார்.

மருத்துவ அறிவியலின்படி இது ஒரு கணமும் நிற்காது. கூட்டணிக் கதையின் இலக்கணப்படி பார்த்தாலோ இதைவிடப் பொருத்தமான கதையை நான் இந்த மூன்று தொகுதிகளில் கண்டதில்லை. விருந்தினரின் ஆற்றல் இல்லாமல் கதை ஓர் அடிகூட நகராது. பேட்மேனின் பிடிவாதம் இல்லாமல் முடியவும் முடியாது. ஒருவர் உடல், மற்றவர் உயிர் என்ற அளவுக்கு இருவரும் பிணைந்துவிடுகிறார்கள். அபாரோ இதை முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல், ஒரு துக்கச் செய்திக்குரிய தீவிரத்தோடு வரைந்திருப்பதால்தான் நாமும் நம்புகிறோம்.

அதே துணிவு தோற்ற இடமும் உண்டு. 1976 ஜனவரி இதழான 124-ல், வரைபலகையின் முன் அமர்ந்திருக்கும் ஜிம் அபாரோவே ஒரு பாத்திரமாக வருகிறார், பேட்மேனின் மரணத்தை வரையும்படி பயங்கரவாதிகள் அவரை மிரட்டுகிறார்கள். கருத்து அற்புதமானது. ஆனால் இதற்கிடையே சார்ஜன்ட் ராக் எதற்காக இருக்கிறார் என்ற கேள்விக்குக் கதையில் வலுவான பதில் இல்லை. அவருக்கும் பக்கங்களைப் பங்கிட்டுக் கொடுத்ததால், ஓவியரும் அவர் வரையும் மனிதரும் என்ற மையம் நெருக்கப்பட்டுவிடுகிறது.

எந்த விருந்தினர்களின் கதைகளை நம்பி எடுக்கலாம்?

ஆவிகளும் மர்மங்களும் சூழ்ந்தவர்கள் பேட்மேனுடன் எளிதில் ஒட்டுகிறார்கள். டெட்மேன் வரும் எந்தக் கதையும் வீண்போகவில்லை. ஃபேன்டம் ஸ்ட்ரேஞ்சரும் அப்படியே. 93-வது இதழில் விருந்தினர் ஒரு மனிதர்கூட இல்லை, 'ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி' என்ற திகில் இதழே விருந்தினர். ஓய்வுக்காக அயர்லாந்துக் கரையோரத் தீவுக்குப் போகும் ப்ரூஸ் வெய்னை அங்கே ஒரு பழைய துயரம் எதிர்கொள்கிறது. டென்னி ஓ'நீல் எழுத, ஆடம்ஸ் வரைந்தது. ஹேனி எழுதாத அரிய இதழ்களில் ஒன்று என்பதால், ஒரே வடிவம் வேறு கையில் எப்படிப் பேசுகிறது என்று ஒப்பிடவும் உதவும்.

வைல்ட்கேட் வரும் கதைகளில் இரு முரட்டு மனிதர்களின் தோழமை நன்றாக வந்திருக்கிறது. மெட்டல் மென் கதைகள் எனக்குச் சலிப்பூட்டின, ஆறு உலோக மனிதர்களுக்கும் ஆளுக்கொரு வசனம் கொடுத்து முடிப்பதற்குள் இதழ் தீர்ந்துபோகிறது. ஆக்வாமேனுக்காகக் கதையைக் கடலுக்கு இழுத்துச்செல்ல வேண்டியிருப்பது ஒவ்வொரு முறையும் தெரிகிறது.

சூப்பர்மேன் ஏன் இல்லை?

அவரும் பேட்மேனும் இணையும் கதைகளுக்கென்றே 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' என்ற தனி இதழ் வந்துகொண்டிருந்தது. இந்த இதழுக்கு அது நன்மையாகவே முடிந்தது. மிகப்பெரிய பெயர் கையில் இல்லாததால்தான் இரண்டாம், மூன்றாம் வரிசைப் பாத்திரங்களைத் தேட வேண்டிவந்தது. 92-வது இதழில் அதற்கு முன் எவரும் கேள்விப்பட்டிராத மூன்று லண்டன்வாசிகளைக்கூடத் துணைக்குச் சேர்த்துப் பார்த்தார்கள்.

பெண் பாத்திரங்கள் எப்படி நடத்தப்பட்டிருக்கிறார்கள்?

மோசமாக, குறிப்பாக முதல் தொகுதியில். 78-வது இதழில் வில்லனைப் பொறியில் சிக்கவைக்க, பேட்மேனின் காதலுக்காகப் போட்டியிடுவதுபோல் வண்டர் வுமனும் பேட்கேர்லும் நடிக்கிறார்கள், பிறகு உண்மையிலேயே அவர்மேல் மனத்தைப் பறிகொடுக்கிறார்கள். வண்டர் வுமன் சொந்த இதழில் நாயகியாக விளங்கியவர், பேட்கேர்ல் கூர்மதி உடைய துப்பறிவாளர். இருவரையும் ஒரே கதையில் இந்த அளவுக்குக் குறுக்கியது காலத்தின் போக்கு என்று சமாதானம் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் தொகுதியில் பிளாக் கேனரிக்குக் கிடைத்த இடம் சற்று மேல். இறந்துபோன கணவனின் சாயலில் ஒருவனைக் கண்டு தடுமாறும் 91-வது இதழில் அவருக்கென்று ஒரு துயரமாவது இருக்கிறது.

கறுப்பு-வெள்ளையில் படிப்பது இழப்பா?

ஆடம்ஸ், அபாரோ, நிக் கார்டி ஆகியோரின் கதைகளில் இழப்பில்லை, சில பக்கங்களில் ஆதாயம்கூட. அந்நாளைய மலிவுத் தாளில் புள்ளி புள்ளியாக விழுந்த வண்ணம் பல நுண்ணிய கோடுகளை மூடிவிட்டிருந்தது, அவை இங்கே வெளிப்படுகின்றன. முத்து, லயன் இதழ்களைக் கறுப்பு-வெள்ளையில் படித்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இது பழகிய கண்தான். வண்ணம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு, 2017 முதல் இக்கதைகளில் பெரும்பாலானவை கெட்டி அட்டையில் பெருந்தொகுப்புகளாக வண்ணத்தில் வந்துள்ளன. விலையும் எடையும் கூடுதல்.

மார்வெலின் ஸ்பைடர்மேன் கூட்டணி இதழ் இதைவிட மேலானதா?

'மார்வெல் டீம்-அப்' 1972-ல் தொடங்கி 1985-ல் 150-வது இதழோடு நின்றது. அங்கும் அதே ஏற்ற இறக்கம், ஆனால் வேறு காரணத்தால். மார்வெல் உலகில் எல்லாக் கதைகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால், விருந்தினரின் சொந்த இதழில் நடப்பதை விளக்குவதிலேயே பல பக்கங்கள் கரைந்துவிடுகின்றன. உச்சம் என்று பார்த்தால், கிறிஸ் கிளேர்மான்ட் எழுதி ஜான் பைர்ன் வரைந்த 1970-களின் பிற்பகுதிக் கதைகள் இவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆனால் 74, 79 ஆகிய இதழ்கள் அங்கே 'எசென்ஷியல்' என்ற மறுபதிப்புத் தொகுதிகளில் இடம்பெறவில்லை. முதலாவதில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சிக் குழுவினரும், இரண்டாவதில் ரெட் சோன்யாவும் விருந்தினர்கள். இருவருமே மார்வெலுக்குச் சொந்தமானவர்கள் அல்லர். விருந்தினர் வெளியாளாக இருந்தால் மறுபதிப்பின்போது கதையே வெளியே நிற்க நேர்வது கூட்டணி இதழ்களுக்கே உரிய துயரம்.

ஒரே ஒரு தொகுதி மட்டும் வாங்க முடியும் என்றால்?

இரண்டாம் தொகுதி. ஆடம்ஸின் 93, அபாரோவின் வருகை, இருவர் கையும் கலந்த 102, இதயத்தருகே குண்டு தங்கிவிட்டதால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பேட்மேன் நான்கு நண்பர்களை இயக்கும் 100-வது இதழ் ஆகியவை அதில்தான் உள்ளன. ஆடம்ஸ் ஒருவருக்காகவே வாங்குபவர் முதல் தொகுதியின் பின்பாதியை நாடலாம். ஆட்டம் கதை மூன்றாம் தொகுதியில் இருக்கிறது, அதற்காக மட்டுமே அதை வாங்கச் சொல்லவும் நான் தயங்கமாட்டேன்.

எந்த வேகத்தில் படிப்பது?

ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மாதங்களுக்கு ஒன்றாக வெளியானவை. இடைவெளியில் வாசகர் மறந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், சந்திப்பு, ஐயப்பாடு, சிறு மோதல், சமரசம், வெற்றி என்ற அதே படிகள் மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்டுள்ளன. அடுத்தடுத்து ஐந்து படித்தால் ஐந்தாவது கதையின் முடிவு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்தத் தொகுப்புகள்மீது வைக்கப்படும் புகார்களில் கணிசமான பங்கு இப்படிப் படித்ததால் வந்தது என்றே கருதுகிறேன்.

இந்த மூன்றோடு இதழின் நல்ல கதைகள் முடிந்துவிட்டனவா?

இல்லை. இதழ் 1983-ல் 200-வது எண்ணோடு நிற்கும் வரை வந்துகொண்டிருந்தது. கடைசி ஆண்டுகளில் ஆலன் பிரென்னர்ட் நான்கே கதைகள் எழுதினார். அவற்றில் 197-வது இதழின் கதை, ப்ரூஸ் வெய்ன் தன் வாழ்க்கையைத் தானே எழுதுவதாக அமைந்தது. ஸ்கேர்குரோ என்ற வில்லனின் அச்ச மருந்து பேட்மேனைத் தாக்குகிறது. தான் நேசிப்பவர்கள் ஒவ்வொருவராகக் கண்முன் மறைந்துபோகும் தனிமைதான் அவருடைய ஆழத்து அச்சம் என்பது வெளிப்படுகிறது. உதவி கேட்டு அவர் போய் நிற்பது கேட்வுமனிடம். இத்தனை ஆண்டுகளாக இதழ் முழுவதும் விருந்தினர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், வந்தவர் போகாமல் பேட்மேனை மணந்துகொள்ளும் கதை இது. இதை ஜோ ஸ்டேட்டனும் ஜார்ஜ் ஃப்ரீமேனும் வரைந்தார்கள். மேற்சொன்ன மூன்று தொகுதிகளிலும் இது கிடைக்காது. பிரென்னர்ட்டின் பேட்மேன் கதைகளைச் சேர்த்து 2016-ல் வெளிவந்த தொகுப்பில் இருக்கிறது.